வீடு பார்க்க வந்த பார்ட்டி

பெங்களூரில் எனக்குக் கடன்பட்டிருந்த ஒரே ஆள் என் தலைக்கு மேலேயே குடியிருந்தார். அவர் நாற்காலியை நகர்த்தினால் எங்கள் ஹாலில் கேட்கும். காலையில் அவர் வீட்டுக் குக்கர் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அங்கே சாம்பாரா ரசமா என்று சொல்லிவிடுவேன். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் போய், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீடு அல்சூரில், ஏரிக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவில். கீழே நாங்கள், மாடியில் ஓனரம்மா. நாங்கள் இருந்தது லீஸுக்கு. நம் பக்கத்தில் போக்கியம் என்பார்களே, அதேதான். மாத வாடகை கிடையாது. குடிபோகும்போது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட வேண்டும். காலி செய்யும்போது ஓனர் அதை அப்படியே திருப்பித் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த ஓனரும் அந்தப் பணத்தைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்து வருகிற பார்ட்டியிடம் வாங்கித்தான் போகிற பார்ட்டிக்குக் கொடுப்பார்கள். ஆகவே புதிய பார்ட்டி வரும்வரை பழைய பார்ட்டி நகரக் கூடாது. கைக்குப் பணம் வராமல் சாவியைக் கொடுத்துவிடாதே என்று ஆபீசில் ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுத்தார்கள்.

எங்கள் தொகையில் பாதிக்கு மேல் என் அக்காவின் நகை. நாங்கள் இந்த ஊருக்கு வந்து வாடகை கட்டியே முழி பிதுங்கிக்கொண்டிருந்த காலத்தில், வேலூரிலிருந்து பார்க்க வந்த அக்கா, கேட்காமலேயே ஆரத்தையும் நெக்லஸையும் வளையல்களையும் என் கையில் திணித்துவிட்டுப் போனாள். "பீரோல தூங்கறது பேங்க்ல தூங்கட்டுமே. உனக்கு ஆவும்போது மீட்டுக் குடு" என்றாள். அதை அடகு வைத்து, எங்கள் சேமிப்பையும் போட்டு லீஸ் எடுத்தோம். வருடா வருடம் வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பித்துக்கொண்டே வந்தோம். அக்காவும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

இப்போது அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை மாதம் முகூர்த்தம். அதற்குள் நகை அக்கா கைக்குப் போயாக வேண்டும், அதற்கு லீஸ் பணம் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும். சந்தாபுராவில் சின்னதாக ஒரு வாடகை வீட்டுக்குச் சொல்லி வைத்தோம். என் கணவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அவருக்கு அது வசதி. எனக்குத்தான் பஸ்ஸில் பாதி ஆயுள் போகும். லீஸ் அக்ரிமெண்டும் முடிந்திருந்தது. அக்கா நகை, கல்யாணம் எல்லாவற்றையும் விளக்கி, காலி செய்கிறோம் என்று ஆவணி மாதமே ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டோம்.

ஆயுத பூஜைக்குள் தந்துவிடுகிறேன் என்றார். ஆயுத பூஜை போயிற்று. தீபாவளிக்குள் என்றார். தீபாவளியும் வெடித்து முடிந்தது. கார்த்திகையும் பிறந்துவிட்டது. மார்கழி வந்துவிட்டால் எவரும் வீடு மாற மாட்டார்கள். கார்த்திகைக்குள் ஒரு பார்ட்டி அமையாவிட்டால் தையில் அக்கா பெண் கழுத்தில் ஒன்றும் இருக்காது.

பணம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஓனரம்மாவின் கணவர் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்கு வாரா வாரம் ஆட்டோ வந்து வாசலில் நிற்கும். அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட நானும் போயிருக்கிறேன். எங்கள் லீஸ் பணம்தான் அந்த ஆட்டோவில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவரும் போய்விட்டார். மிச்சம் இருந்தது குடும்பப் பென்ஷன், அது சோற்றுக்கும் மாத்திரைக்கும் சரி. ஒரே மகன் வெளிநாட்டில், கழுத்தளவு வீட்டுக் கடனோடு. அவனிடம் கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. இதெல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும், அதற்கு லீஸும் கிடையாது வாடகையும் கிடையாது.

இன்றைக்குக் கறாராகக் கேட்டுவிடுவது என்று படியேறுவேன். "ஆன்ட்டி, அந்த லீஸ் விஷயம்..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் முகம் சின்னதாகிவிடும்.

"தெரியும் கண்ணு. புரோக்கர் கிட்ட டெய்லி சொல்லிட்டுத்தான் இருக்கேன். இன்னும் சொல்ப நாள் பொறுத்துக்கோ. இரு, பிசிபேளாபாத் பண்ணேன், சூடா இருக்கு, எடுத்துட்டுப் போ."

நான் கிண்ணத்தோடு கீழே இறங்குவேன். என் கணவர் சோபாவிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, தேதி வாங்கிட்டு வந்தியா?" என்பார்.

"பிசிபேளாபாத் வாங்கிட்டு வந்தேன். தின்னுங்க."

வாங்கின கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் வீட்டு வழக்கத்தில் கிடையாது. ஆகவே அடுத்த முறை கேட்கப் போகும்போது அதில் கொஞ்சம் கீரைக் கூட்டோ, வேர்க்கடலைச் சட்னியோ போட்டுக்கொண்டு போவேன். கையில் கூட்டை வைத்துக்கொண்டு எவளாவது கறாராகப் பேச முடியுமா? அது நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்வார், எப்படிச் செய்தாய் என்பார், நானும் உட்கார்ந்து பக்குவம் சொல்வேன். இப்படியே கிண்ணம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. அசல் வரவில்லை, நான்தான் எடை போட்டேன்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். பத்திரிகை அடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். நகை என்ற சொல் மட்டும் வராது. நானாக எடுத்தால், "அது வரும்டி, நீ ஒடம்பப் பாத்துக்கோ" என்று வெட்டிவிடுவாள். ஒரு ஞாயிறு, எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் சொன்னாள்.

"பஜார்ல ஒரு கடையில கவரிங் ஆரம் பாத்தேன்டி. அசல் தங்கம் மாதிரியே இருக்குது. மேடையில தூரத்துலருந்து பாக்கறவங்களுக்கு இன்னா தெரியப் போவுது? அதையே போட்டுடலாம்னு இருக்கேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். தன் பெண்ணுக்குக் கவரிங் போட்டு மேடையேற்ற அவள் மனதைத் தேற்றிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எப்படியாவது ஒரு பார்ட்டியைப் பிடித்தே தீருவது என்று நானே புரோக்கர் வேலையில் இறங்கிவிட்டேன்.

வீடு பார்க்க யாராவது வந்தால் காட்டுவது குடியிருக்கிறவர்கள் பொறுப்பு. குடியிருந்த வருடமெல்லாம் நான் குறை சொன்ன வீட்டை, பெண் பார்க்க வருகிறவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்கிற அம்மா போலப் புகழ ஆரம்பித்தேன். காற்று பாருங்கள், மெட்ரோ பாருங்கள், கோயில் மணி படுக்கையிலிருந்தே கேட்கும் பாருங்கள். ஹால் சுவரில் ஓரிடத்தில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிந்திருக்கும். அதன் மேல் பெரிய சாமி காலண்டராகப் பார்த்து மாட்டிவிட்டேன்.

ஓனரம்மாவோ ஒவ்வொரு பார்ட்டியோடும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, எல்லாம் முடிகிற நேரத்தில், "அந்தக் காலண்டரக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா. மழைக் காலத்துல அங்க ஓதம் வரும், அவங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்பார்.

வந்தவர்கள் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். விரலை மோந்து பார்த்தவர்களும் உண்டு. போய்ச் சொல்கிறோம் என்று போய்விடுவார்கள்.

"ஏன் ஆன்ட்டி, நீங்க சொல்லாட்டி அவங்களுக்குத் தெரியவா போவுது?" என்று ஒருநாள் பொரிந்தேன்.

"நாளைக்குக் குடிவந்துட்டு என்னை வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?" என்றார். அரிச்சந்திரன் வீட்டுக்கா லீஸுக்கு வந்து மாட்டிக்கொண்டோம் என்று மனதுக்குள் கறுவினேன்.

கார்த்திகை பாதி ஆனபோது ஒரு சின்ன ஜோடி வந்தது. திருப்பத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட இருக்காது. பையன் கேள்வியே கேட்கவில்லை, அந்தப் பெண் பார்க்கிற இடத்தையெல்லாம் அவனும் பார்த்தான். ஓனரம்மா வழக்கம்போலக் காலண்டரைத் தூக்கச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "எங்க ஊட்லயும் இருக்குது ஆன்ட்டி, பரவால்ல" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓனரம்மா கால் வலிக்கிறதென்று வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். பையன் என் கணவரோடு தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனான். நான் டீ போட அடுப்படிக்குப் போனேன், அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள்.

வந்தவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காசு உங்களுக்கு வந்துடுச்சா? இவங்க ஒழுங்கா திருப்பிக் குடுப்பாங்களா?" என்றாள்.

குடுப்பாங்கம்மா என்று சொல்லிவிடுவதற்குத்தான் திரும்பினேன். அந்த ஒரு சொல்லில் அக்காவின் ஆரம் இருந்தது. திரும்பியபோது அவள் கழுத்து கண்ணில் பட்டது. மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. காதில் பொட்டு மாதிரி ஒரு தோடு. புதுக் கல்யாணப் பெண் அப்படி இருப்பாளா? லீஸ் பணம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எல்லாம் உன் நகையா?" என்றேன்.

"எங்கம்மாவுதும் சேத்து, அக்கா."

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தேன்.

"எனக்கு இன்னும் வரலம்மா" என்றேன். "நீங்க குடுத்தாத்தான் எனக்கு வரும். நீங்க போறப்ப அடுத்தவங்க குடுத்தாத்தான் உங்களுக்கு வரும். அவங்க நல்லவங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கையில காசு இல்ல."

டீயை முழுதாகக் குடித்தாள், தம்ளரைத் தானே கழுவி வைத்தாள். ஒருவேளை தேவைப்படும் என்று நம்பர் கொடுத்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று இருவரும் போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினால், ஓனரம்மா படியிலேயே உட்கார்ந்திருந்தார். அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே. நான் பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார் என் கணவர். சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஆனா இப்ப என்ன பண்றது?" என்றார்.

அந்த வாரம் மேலே நாற்காலி நகரும் சத்தமே கேட்கவில்லை. கிண்ணமும் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்த அவருடைய கிண்ணத்தில் எள்ளுருண்டை பிடித்துப் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு மேலே போகத் தைரியம் வரவில்லை. பணம் கேட்கப் போனபோதுகூட எனக்கு அப்படிக் கூச்சமாக இருந்ததில்லை. அக்காவுக்கும் துரோகம் செய்துவிட்டேன், இவருக்கும் செய்துவிட்டேன் என்று இருந்தது.

சனிக்கிழமை போன் வந்தது. மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு போன்.

"நாளைக்குக் காலையில ஒரு பார்ட்டி வருதும்மா. வீட்டக் கொஞ்சம் சுத்தமா வெச்சிரு" என்றார். குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெருக்கித் துடைத்து, காலண்டரை நேராக்கிவிட்டு, நானும் தலை வாரிக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓனரம்மா மட்டும் நின்றார். கோயிலுக்குக் கட்டும் சேலை, தோளில் கைப்பை, காலில் செருப்பு. பின்னால் யாரும் இல்லை.

"பார்ட்டி எங்க ஆன்ட்டி?"

"நான்தான்" என்றார். "பாக்கலாமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வீடு பார்க்க வருகிறவர்கள் பார்ப்பது போலவே பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். படுக்கையறைக்குப் போய்ச் சாணால் சுவரை அளந்தார்.

"எங்க வீட்டுக்காரர் கட்டில இங்க போட்டா இந்தக் கதவு திறக்குமா?"

"கொஞ்சம் இடிக்கும் ஆன்ட்டி."

"இடிச்சா இடிக்கட்டும்" என்று எங்கள் கட்டிலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் சொன்னார்.

"மாடி பெருசு. ரெண்டு ரூம், மேல மொட்டை மாடி வேற. இதவிட ஜாஸ்தி லீஸுக்குப் போவும். நான் ஒருத்தி, எனக்கெதுக்கு அவ்ளோ பெரிய வீடு? நான் கீழ வந்துடறேன். உன் காசக் குடுத்துட்டு மிச்சத்த பேங்க்ல போட்டுடறேன். பையன் கிட்டயும் வாய விட்டுக் கேட்டுட்டேன். மாசா மாசம் கொஞ்சம் அனுப்பறேன், அதையும் அந்தக் கணக்குலயே போட்டு வைம்மான்னான். வர்றவங்க போறப்ப யாரையும் எதிர்பாக்காம எடுத்துக் குடுக்கணும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் மாடியில்தான் இருக்கிறார். அவர் கணவர் கடைசியாகப் படுத்திருந்த அறை அங்கேதான் இருக்கிறது.

"வேணாம் ஆன்ட்டி. நான் எங்க அக்காகிட்டப் பேசிக்கிறேன்..."

"உங்க அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். அதுக்காக?" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீ சொன்ன பதில் கேட்டுச்சு கண்ணு. அத நான் சொல்லியிருக்கணும். சுவத்து ஓதத்த வர்றவங்களுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டினேன். இத மட்டும் மூடி வெச்சிருந்தேனே."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். சமாளிக்க ஏதாவது செய்ய வேண்டுமே என்று எழுந்து போய் எள்ளுருண்டைக் கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "வெல்லம் கம்மி" என்றார்.

அந்தத் திருப்பத்தூர்ப் பெண்ணை நானே கூப்பிட்டேன். அவளும் பையனும், இந்த முறை அவள் அம்மாவும் வந்தார்கள். ஓனரம்மா அவர்களை மாடியில் உட்கார வைத்து, டயாலிசிஸிலிருந்து மகன் அனுப்பப் போகிற பணம்வரை ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெண்ணின் அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். நான் கல்யாண விஷயத்தைச் சொல்லியிருந்ததால், சாமான் ஏறுவதற்கு முன்பே பணத்தை அனுப்பினார்கள். அப்படி யாரும் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் கணக்கில் ஏறிய பணத்தில் அன்றைக்கே நகையை மீட்டேன். சனிக்கிழமை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா பையை வாங்கினாள், பிரிக்காமலேயே பீரோவுக்குள் வைத்தாள்.

"தொறந்து பாருக்கா."

"அதுல இன்னாத்தப் பாக்கறது? உன்னத்தான் பாக்கணும். எப்படி எளச்சுப் போயிட்ட பாரு" என்று என் கன்னத்தைத் தடவினாள். பிசிபேளாபாத் கன்னம். பீரோவைப் பூட்டியபின் அவள் கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்த்ததை மட்டும் கவனித்தேன்.

கார்த்திகையின் கடைசி ஞாயிறு நாங்கள் காலி செய்தோம். எங்கள் சாமான் டெம்போவில் ஏற ஏற, மாடியிலிருந்து ஓனரம்மாவின் சாமான் இறங்கியது. கட்டிலை உள்ளே போட்டார்கள். கதவு கொஞ்சம் இடித்தது. மோட்டார் சுவிட்ச் எது, காவிரித் தண்ணீர் எந்த நாளில் வரும், மழை வந்தால் எந்த ஜன்னலை முதலில் சாத்த வேண்டும் என்று அவர் கேட்டார், நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவருடைய வீடுதான், ஆனால் அவர் அதில் குடியிருந்ததே இல்லை.

எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டு வந்து, ஹாலில் காலண்டரைக் கழற்றக் கை வைத்தேன்.

"அது அப்படியே இருக்கட்டும் கண்ணு. எனக்கென்ன, நான் யாருக்குக் காட்டணும்?" என்றார்.

சாவியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்து முதல் முறையாகக் குறும்பாகச் சிரித்தார்.

"வீடு பாக்க வர்றவங்க எல்லாரும் உன்ன ஒண்ணு கேப்பாங்களே. நான் கேக்கவே இல்லையே. ஓனர் எப்படி?"

டெம்போக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

"தங்கமானவங்க ஆன்ட்டி" என்றேன். "காச ஒழுங்கா திருப்பிக் குடுத்துட்டாங்க."

அவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நேராகவே இருந்த காலண்டரை நேராக்க ஆரம்பித்தார்.